அப்பா கைலியை இழுப்பது ஏன்?

வாசகியின் கடிதம்:

"ஈசூனில் நான்கறை வீட்டில் அப்பாவுடன் வசிக்கிறோம். அவருக்கு 78 வயது. செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். 14 மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்ததில் வலக்கையும் வலக்காலும் தளர்ந்துவிட்டன. பேச்சும் தெளிவாக வருவதில்லை. பிடித்துக்கொண்டால் எழுந்து நிற்பார், படுக்கையில் தானாகவே புரண்டு படுப்பார். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. மருத்துவமனையிலிருந்து வந்த நாள்முதல் இரவும் பகலும் அணையாடைதான். காலையில் காப்பி குடித்ததும் இடக்கையால் கைலியைப் பிடித்து இழுப்பார். சற்று நேரத்தில் அணையாடையைக் கிழித்துப் போட்டுவிடுவார். இரவில் பணிப்பெண் இரண்டு அணையாடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியும் விடிந்தால் மெத்தை ஈரம். பாவம், அவள் 2 மணிக்கும் 5 மணிக்கும் எழுந்து மாற்றுகிறாள். தொடையிடுக்கு புண்ணாகி வருகிறது. மாதம் 200 வெள்ளிக்கு மேல் செலவு. நான் மாற்றப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இந்த ஆண்டு பங்குனி உத்திரத்துக்குக்கூடக் கோவிலுக்கு வர மறுத்துவிட்டார். எந்த நிறுவனத்தின் அணையாடை நல்லது?"

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அணையாடைக்கு வருகிறேன். அதற்கு முன், நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைப் பற்றிப் பேச வேண்டும். காப்பி குடித்ததும் அப்பா கைலியைப் பிடித்து இழுக்கிறார் என்கிறீர்கள். இல்லத் தாதிமைப் பணியில் வீடு வீடாகப் போய்வரும் எனக்கு அந்த வரியைப் படித்ததும் மனம் நிமிர்ந்தது. சிறுநீர் முட்டுவது அவருக்குத் தெரிகிறது. வாயால் சொல்ல முடியவில்லை, கையால் சொல்கிறார். யாரும் வராததால் அணையாடையிலேயே போகிறது, ஈரம் உறுத்துகிறது, கிழித்து எறிகிறார். இதைப் பிடிவாதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பக்கவாதம் வந்த புதிதில் நோயாளிக்கு அணையாடை கட்டுவது வழக்கம்தான். எழுந்து நடக்க முடியாத அந்த நாட்களில் வேறு வழியும் இருப்பதில்லை. ஆனால் கட்டியதை எப்போது அவிழ்ப்பது என்று பல வீடுகளில் யாரும் கேட்பதே இல்லை. மருத்துவமனையில் கேட்கவில்லை, வீட்டிலும் கேட்கவில்லை, மாதங்கள் ஓடிவிடுகின்றன. பக்கவாதத்துக்குப் பிறகு சிறுநீர்க் கட்டுப்பாடு ஓரளவு திரும்புவது சாதாரணமாக நடப்பது. திரும்பிய பிறகும் கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆள் வராவிட்டால், உடம்பு அணையாடைக்குப் பழகிவிடுகிறது. உங்கள் அப்பாவின் உடம்பு 14 மாதங்களாகியும் பழக மறுக்கிறது. அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, பலதுறை மருந்தகத்திலோ அவரை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமோ இதற்கென்றே ஒரு முறை போய்வருவது. 'வயதானால் அப்படித்தான்' என்று யார் சொன்னாலும் திருப்தியடைய வேண்டாம். ஆண்களுக்கு இந்த வயதில், சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர் வரும் வழியை அடைத்திருக்கலாம். அப்போது சிறுநீர்ப்பை நிரம்பிவழிந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டே இருக்கும். வெளியே பார்ப்பவருக்கு அடக்க முடியாமல் போவதுபோல் தெரியும். உள்ளே சிறுநீர் தேங்கிக் கிடக்கும். அடிவயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்து, சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தாதியே சில நிமிடங்களில் பார்த்துவிடுவார். வலியில்லாத சோதனை, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மலச்சிக்கல் இருந்தாலும் சொல்லுங்கள். இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தும். சில வேளை இறுகிய மலத்தைச் சுற்றித் தண்ணீராக வழிவதைப் பார்த்து வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதற்கு மருந்து கொடுத்துவிடுகிறோம், நிலைமை இன்னும் மோசமாகும். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் சிறுநீர் அதிகமாகப் போகும். சர்க்கரையைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றும் மாத்திரைகளும் இப்போது பரவலாகத் தரப்படுகின்றன. அவை நீரை அதிகப்படுத்துவதோடு பூஞ்சைத் தொற்றுக்கும் இடம் கொடுக்கும். அம்லோடிபைன் என்ற இரத்த அழுத்த மாத்திரை சிலருக்குக் காலை வீங்க வைக்கும். பகலெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது காலில் இறங்கிய நீர், படுத்தவுடன் இரத்தத்துக்குத் திரும்பி, இரவில் சிறுநீராகக் கொட்டும். மாலையில் அப்பாவின் கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிற்பகலில் ஒரு மணி நேரம் காலைத் தூக்கிவைத்துப் படுக்க வைப்பது இரவு ஈரத்தைக் குறைக்கும். மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரை இருந்தால் அதைக் கொடுக்கும் நேரத்தை மாற்றலாமா என்று மட்டும் கேளுங்கள்.

திடீரென்று குழப்பமாகப் பேசினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ, அடிவயிறு புடைத்துப் பல மணி நேரம் சிறுநீர் வராவிட்டாலோ காத்திருக்காதீர்கள். அன்றே போக வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கும் நாள் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து மூன்று நாட்களுக்கு எழுதுங்கள்: எத்தனை மணிக்கு என்ன குடித்தார், எத்தனை மணிக்கு நனைந்தது, எப்போது கைலியை இழுத்தார். மூன்றாம் நாள் முடிவில் அவருடைய நேரம் உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே அவரைக் கமோடு நாற்காலியில், அதாவது நடுவில் துளையும் அடியில் வாளியும் உள்ள கழிப்பு நாற்காலியில், உட்கார வையுங்கள். மற்ற நேரங்களில் விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, "அப்பா, போய்வரலாமா?" என்று கேளுங்கள். தலையசைப்பு போதும். காப்பிக்குப் பிறகு குடல் தானாகவே அசையத் தொடங்கும் என்பதால் காலை வேளைதான் மிக முக்கியம். காப்பியைக் கையில் கொடுக்கும்போதே நாற்காலி பக்கத்தில் தயாராக இருக்கட்டும்.

நாற்காலியை அவருக்கு வலுவுள்ள இடப்பக்கம் போடுங்கள். சக்கரத்தைப் பூட்டிய பிறகே எழுப்புங்கள். நின்றுகொண்டு சிறுநீர் கழிக்க விடாதீர்கள், விழுந்துவிடுவார். படுக்கையில் இருக்கும்போது, கவிழ்ந்தாலும் சிந்தாத மூடிவைத்த சிறுநீர்க் குடுவையை இடக்கைக்கு எட்டும்படி மாட்டிவையுங்கள். இங்கே அவருடைய கைலி பெரிய உதவி. பொத்தான், ஜிப் என்று ஒற்றைக் கையால் போராட வேண்டியதில்லை. மருத்துவமனையில் கொடுத்த காற்சட்டையை மாட்டிவிடாமல் கைலியிலேயே இருக்கவிட்டீர்களே, சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். நனைந்துவிடுமே என்று தண்ணீரைக் குறைக்கும் தவறை மட்டும் செய்யாதீர்கள். அடர்த்தியான சிறுநீர் பையை எரிச்சல்படுத்தி இன்னும் அடிக்கடி போகவைக்கும். மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் ஒழிய, பகலில் தாராளமாகக் கொடுத்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குறைத்துக்கொள்ளுங்கள். மாலைத் தேநீரைக் கொஞ்சம் முன்னதாக்குங்கள்.

இனி உங்கள் கேள்வி.

எந்த நிறுவனம் என்பதைவிட எந்த வகை, எந்த அளவு, எந்த வேளைக்கு என்பதுதான் விஷயம். நம் வீடுகளில் எல்லாவற்றையும் 'பம்பர்ஸ்' என்றே சொல்லிவிடுகிறோம். கடையில் பார்த்தால் ஒட்டும் பட்டை வைத்தது, உள்ளாடைபோல் காலில் ஏற்றிப் போடுவது, சாதாரண உள்ளாடைக்குள் வைக்கும் சிறு பட்டை, மெத்தைமேல் விரிக்கும் விரிப்பு என்று தனித்தனியாக இருக்கின்றன. பகலில் கமோடு பழக்கம் வந்துவிட்டால் அப்பாவுக்கு ஏற்றிப்போடும் வகை போதும். உட்காரும்போது கீழே இறக்கிவிட்டு மறுபடி ஏற்றிக்கொள்ளலாம், தன் உள்ளாடையைப் போட்டிருக்கும் உணர்வும் இருக்கும். படுக்கையில் மாற்ற வேண்டிய இரவுக்கு ஒட்டும் பட்டை வகைதான் பணிப்பெண்ணுக்கு எளிது.

பொட்டலத்தில் 1,500 மில்லிலிட்டர், 2,000 மில்லிலிட்டர் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். 1996ல் வந்த ஐஎஸ்ஓ 11948-1 என்ற அனைத்துலகத் தரமுறையில், அணையாடையை உப்புநீரில் முழுதாக ஊறவைத்து, வடியவிட்டு, எடைபோட்டுக் கொள்ளளவைக் கணக்கிடுவார்கள். மனிதர் அப்படி நனைப்பதில்லை. ஒரே இடத்தில், சட்டென்று, உடம்பின் எடையும் அழுத்தும்போது நனைகிறது. படுக்கையில் அது தாங்குவது, அச்சிட்ட எண்ணைவிட நன்றாகவே குறைவு.

உங்கள் வீட்டுச் சமையலறைத் தராசு இதைவிட உண்மை சொல்லும். புதிய அணையாடை ஒன்றை எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் கழற்றியதை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி எடைபோடுங்கள். ஒரு கிராம் கூடினால் ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர். மூன்று இரவுகள் செய்தால் அப்பாவின் இரவுக் கணக்கு தெரிந்துவிடும். கூடவே கழற்றியதைப் பிரித்துப் பாருங்கள். முன்பக்கமும் நடுவும் கனத்துப் பின்பக்கம் காய்ந்திருந்தால், அதிகம் உறிஞ்சும் அணையாடை வாங்கி எந்தப் பயனும் இல்லை. கட்டும் முறையில்தான் ஓட்டை. முழுவதும் கனத்து ஊறியிருந்தால் மட்டும் அடுத்த தரத்துக்குப் போங்கள்.

இரண்டைச் சேர்த்துக் கட்டுவதை இன்றே நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் அணையாடையின் வெளிப்புறம் தண்ணீர் போகாத தாள். அது நிரம்பினால் நீர் அடுத்ததற்குள் இறங்க முடியாமல் பக்கவாட்டில் வழிந்து மெத்தைக்குத்தான் போகும். காலிடுக்கில் இரட்டைத் தடிமன் வேறு. சூட்டில் தோல் வெந்துவிடும். கூடுதலாக ஒன்று வைத்தே ஆக வேண்டுமானால், பின்தாள் இல்லாமல் நீரைக் கீழே விடும் சேர்ப்புப் பட்டை தனியாகக் கிடைக்கிறது. மருத்துவப் பொருள் கடையில் கேளுங்கள்.

கட்டும் முறையை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். புதிய அணையாடையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, இரண்டு முனைகளையும் பிடித்து மெல்ல இழுத்துவிட்டால் உள்ளே இருபுறமும் மடிந்து கிடக்கும் தடுப்பு மடிப்புகள் எழுந்து நிற்கும், அணையாடை ஒரு படகுபோல் குழிந்துவிடும். பொட்டலத்திலிருந்து எடுத்துத் தட்டையாகவே விரித்துக் கட்டுவதால்தான் பாதிக் கசிவு. அப்பாவை ஒருக்களிக்க வைத்து, பின்பக்கத்திலிருந்து படகை நுழைத்து, மல்லாக்கத் திருப்புங்கள். ஆணுறுப்பு கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இருந்தால் நீர் இடுப்புப் பக்கமாக வெளியே வந்துவிடும். ஆண்களின் மெத்தை நனைவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இது. கூச்சத்தால் யாரும் வாய்விட்டுச் சொல்லித் தருவதில்லை, பணிப்பெண்களும் கேட்பதில்லை. காலிடுக்கில் விரலை ஓட்டி மடிப்பு உள்ளே மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கீழ்ப்பட்டையைச் சற்று மேல்நோக்கியும் மேற்பட்டையைச் சற்றுக் கீழ்நோக்கியும் ஒட்டினால் தொடையையும் இடுப்பையும் பிடித்து நிற்கும். இடுப்புக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். அளவு வாங்கும்போது இடுப்பு, பிட்டம் இரண்டையும் நாடா வைத்து அளந்து, பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மேலான அளவை வாங்குவது சௌகரியம் என்று நினைக்கிறோம். காலிடுக்கில் இடைவெளி விட்டுக் கசிவதற்கு அதுவே வழி.

இப்படிச் செய்தால், நல்ல இரவு வகை ஒன்று பெரும்பாலும் விடியும்வரை தாங்கும். உறிஞ்சும் துகள்கள் நீரைக் கூழாக்கிப் பிடித்துக்கொள்வதால் தோல்மேல் ஈரம் அதிகம் நிற்காது. வெளியே உள்ள கோடு மஞ்சளிலிருந்து நீலமாக நிறம் மாறுவது நனைந்ததற்கான அடையாளம். முனையில் கொஞ்சம் மாறியவுடன் தூக்கி எறிய வேண்டியதில்லை. அப்பா தானாகவே புரண்டு படுக்கிறார் என்பதால், பணிப்பெண்ணை 2 மணிக்கும் 5 மணிக்கும் எழுப்ப வேண்டாம். அவளும் தூங்கட்டும், அப்பாவும் தூங்கட்டும். மலம் போனால் மட்டும் எந்த நேரமானாலும் உடனே மாற்ற வேண்டும். சிறுநீரும் மலமும் கலந்து தோலில் நின்றால் தோல் புண்ணாவது பல மடங்கு வேகமாக நடக்கும்.

ஆண்களுக்கு உறைபோல் மாட்டி, குழாய்வழியே பையில் சேர்க்கும் சாதனம் ஒன்றும் உண்டு. சிலருக்கு இரவில் அருமையாகப் பயன்படுகிறது. ஆனால் அணையாடையையே கிழிப்பவர் இதையும் இழுத்துவிடுவார், தோல் காயப்படும். இப்போதைக்கு வேண்டாம். உள்ளே செலுத்தும் வடிகுழாயைச் சௌகரியத்துக்காகக் கேட்காதீர்கள். தொற்று நிச்சயமாகக் கதவைத் தட்டும்.

புண்ணைப் பற்றி. நம் நிறத்துத் தோலில் 'சிவந்திருக்கிறதா' என்று தேடினால் ஏமாந்துபோவோம். சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ ஊதா நிறமாகவோ பளபளப்பாகவோ இருக்கும். புறங்கையை வைத்தால் சூடு தெரியும். தொட்டால் அப்பா முகம் சுளிப்பார். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மடிப்புகளில் பரவலாக இருந்தால் ஈரத்தால் வந்தது. ஓரத்தைச் சுற்றிச் சிறுசிறு பொரியாகத் தெரிந்தால் பூஞ்சை. நீரிழிவு உள்ளவருக்கு எளிதில் வரும், அதற்குத் தனிக் களிம்பு வேண்டும். பிட்டத்துக்கு மேலே எலும்பு தட்டுப்படும் இடத்தில் வட்டமாக நிறம் மாறி, அழுத்தினாலும் மாறாமல் இருந்தால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். தாதியிடம் உடனே காட்டுங்கள்.

கிருமிநாசினி கலந்த தண்ணீர், சோப்பு, பவுடர் மூன்றையும் நிறுத்துங்கள். சுத்தமாக இருக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் எல்லாரும் செய்கிறோம், ஆனால் தோலின் இயல்பான அமிலத்தன்மையை அவை குலைத்துவிடுகின்றன. பவுடர் வியர்வையோடு சேர்ந்து உருண்டு மடிப்பில் உராயும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியோ, அலச வேண்டாத தோல் சுத்திகரிப்பு நுரையோ போதும். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பிறகு டைமெதிகோன் (ஒருவகை சிலிக்கோன்) உள்ள, ஈரம் தோலில் படாமல் காக்கும் தடுப்புக் களிம்பைப் பட்டாணி அளவு எடுத்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிதாகத் தடவுங்கள். வெள்ளையாக அப்பினால், அதுவே அணையாடையின் மேல்தாளை அடைத்து நீர் உள்ளே இறங்காமல் செய்துவிடும். தேங்காய் எண்ணெயைக் கொட்டித் தடவுவதும் அப்படித்தான். நம் ஊர் வெக்கைக்கு, பகலில் அரை மணி நேரம் விரிப்பின்மேல் அணையாடை இல்லாமல் கைலியை மட்டும் போர்த்திப் படுக்க வையுங்கள்.

நீங்கள் மாற்றப் போனால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எழுதும்போது உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று தெரிகிறது. வெறுப்பால் திருப்பவில்லை, சகோதரி. மகள் முன்னால் கைலி அவிழ்வதைத் தாங்க முடியவில்லை. வீட்டில் மகனோ மருமகனோ இருந்தால் அவர்கள் கற்றுக்கொள்ளட்டும். பெண்களின் வேலையென்று ஒதுங்க இதில் ஒன்றுமில்லை. யாரும் இல்லாத நேரத்தில் நீங்கள் செய்ய நேர்ந்தால் கதவைச் சாத்துங்கள், இடுப்பின் மேல் துண்டைப் போட்டு அதற்குள் கைவிட்டுச் செய்யுங்கள், செய்யப்போவதை முன்கூட்டியே சொல்லுங்கள். அவருடைய இடக்கையில் துண்டின் ஒரு முனையைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான் பார்த்துவந்த ஒரு பெரியவர், மாதக்கணக்கில் யாரையும் கிட்டே விடாதவர், துண்டைத் தன் கையால் பிடித்துக்கொண்ட நாளிலிருந்து சண்டையை விட்டார். விருந்தினர் முன்னால் 'பம்பர்ஸ் மாத்தியாச்சா' என்று உரக்கக் கேட்பதை மட்டும் வீட்டில் எல்லாரும் நிறுத்திவிடுங்கள். பேச்சு வராதவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

செலவுக்கு வழி இருக்கிறது. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 என்ற எண்ணில் அழையுங்கள். உண்பது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, எழுந்து இடம் மாறுவது, நடமாடுவது ஆகிய ஆறில் மூன்றுக்கு எப்போதும் உதவி தேவைப்படுவோரின் குடும்பத்துக்கு, வருமானத்தைப் பொறுத்து வீட்டுப் பராமரிப்பு மானியம் உண்டு. 2019ல் மாதம் 200 வெள்ளியாகத் தொடங்கியது, 2023 மார்ச்சில் 400 வெள்ளி வரை உயர்ந்தது. அதன் பிறகும் உயர்வு அறிவிக்கப்பட்டிருப்பதால் இன்றைய தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கமோடு நாற்காலிக்கும் அணையாடைக்கும் மூத்தோர் நடமாட்ட நிதியிலிருந்து என்ன கிடைக்கும் என்பதையும் அதே அழைப்பில் கேளுங்கள். குளியலறையில் கைப்பிடி பொருத்தவும் தரை வழுக்காமல் செய்யவும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் 'ஈஸ்' திட்டம் இருக்கிறது. குடிமக்களுக்குச் செலவில் 95 விழுக்காடு வரை அரசாங்கமே ஏற்கிறது. பணிப்பெண்ணுக்குப் பயிற்சி கொடுக்கவும் மானியம் உண்டு. வகை மாற்றிப் பார்க்கும்போது பெட்டி பெட்டியாக வாங்காமல், சிறு பொட்டலமோ மாதிரியோ கேட்டு மூன்று இரவு பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கோவிலுக்கு வரலாம். நாற்றம் வருமோ என்ற பயம்தான் அவரைத் தடுக்கிறது. அந்தப் பயத்தை நாம் தீர்க்க முடியும். புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் உங்கள் ஈசூனிலேயே இருக்கிறது. உத்திரக் கூட்டம் வேண்டாம். முதலில் ஒரு சாதாரண வார நாள் காலையில் போங்கள். வீட்டில் காப்பியும் கமோடும் முடிந்த பிறகு கிளம்புங்கள். ஏற்றிப்போடும் வகையைப் போட்டு அதன்மேல் வேட்டியைக் கட்டிவிடுங்கள், வெளியே தெரியாது. பையில் மாற்றுவதற்கு ஒன்று, துடைக்கும் துணி, கட்டிப்போட இறுக்கமான இரண்டு பைகள், இன்னொரு வேட்டி. அரை மணி நேரம் இருந்துவிட்டு, அவர் கை வேட்டியைத் தேடுவதற்கு முன்பே திரும்பிவிடுங்கள்.